எந்த டிஸ்க்கில் இருக்கிறது?

நான்கு ஹார்ட் டிஸ்க்குகளை ஒரு பழைய மேசைக் கணினிக்குள் மாட்டி, லினக்ஸ் ஏற்றி, நான்கும் சேர்ந்து ஒரே டிஸ்க்காகத் தெரியும்படி செய்வதற்கு ரெய்டு என்று பெயர். தமிழில் டிஸ்க் அடுக்கு எனலாம். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் சேமிப்புப் பெட்டியைவிட இதற்குச் செலவு குறைவு. ஒற்றை டிஸ்க்கைவிட வேகம் கூடுதல். ஒரு டிஸ்க் செத்தாலும் உள்ளே இருப்பது பிழைத்துக்கொள்ளும். இந்த மூன்றையும் தரும் உத்தி எளியது: எழுத வேண்டியதைத் துண்டு துண்டாக நறுக்கி, இழப்பை ஈடுசெய்யும் குறிப்போடு எல்லா டிஸ்க்கிலும் பரப்பி எழுதுவது. பரப்பி எழுதியபின் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. தாத்தாவின் குரல்பதிவு உள்ளே பத்திரமாக இருக்கிறது என்றால், அது எந்த டிஸ்க்கில் இருக்கிறது? கெட்டுப்போனதை ஒவ்வொன்றாக மாற்றி, பத்து ஆண்டில் நான்கும் புதிதாகிவிட்டால், இருப்பது பழைய அடுக்குதானா?

கேள்வி கணினியைவிட மிகப் பழையது. உறுப்புகள் மாறியபின் பொருள் அதுவேதானா என்று இந்தியத் தருக்க நூல்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகின்றன. திருவனந்தபுரத்தில் அந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்கவில்லை. ஊருக்குப் பெயர் தந்த பெருமாளின் திருமேனியே ஒருமுறை புதிதாக உருவாக்கப்பட்டது. ஓலையிலிருந்து ஓலைக்கும், வாயிலிருந்து வாய்க்கும் பொருளைக் கடத்திக் காத்த ஊர் அது. இன்றைக்கு அதே ஊரில் டெக்னோபார்க்கின் நிழலில் ஒருவர் வீட்டு அலமாரியில் டிஸ்க் அடுக்கு ஒன்றைக் கட்டும்போது, தெரிந்தோ தெரியாமலோ அந்த விசாரணைக்குள் நுழைந்துவிடுகிறார்.

1988இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை ரெய்டு என்ற பெயரைத் தந்தது. அப்போது பெரிய நிறுவனங்களில் இருந்த ஐபிஎம் 3380 என்ற ராட்சத டிஸ்க்கின் கொள்ளளவு 7,500 மெகாபைட். மேசைக் கணினிக்கென வந்த கானர் நிறுவனத்தின் சிறிய டிஸ்க் 100 மெகாபைட். சிறியவை எழுபத்தைந்தைச் சேர்த்தால் பெரியதன் கொள்ளளவு வந்துவிடும். எழுபத்தைந்தும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் தகவல் போக்குவரத்து 12 மடங்கு வரை பெருகக்கூடும், செலவும் குறையும் என்று அவர்கள் கணக்குக் காட்டினார்கள். பெயரில் உள்ள 'ஐ' என்ற ஆங்கில எழுத்து அன்று மலிவைத்தான் குறித்தது. வீட்டில் குறைந்த செலவில் அடுக்குக் கட்டுபவர் அந்தக் கட்டுரையின் முதல் எண்ணத்துக்கே திரும்பிப் போகிறார்.

ஆனால் அதே கட்டுரை இன்னொரு கணக்கையும் மறைக்காமல் வைத்தது. ஒரு டிஸ்க்கின் சராசரி ஆயுள் 30,000 மணி நேரம் என்றால், நூறு டிஸ்க் சேர்ந்த அடுக்கில் ஏதாவது ஒன்று சாக ஆகும் சராசரிக் காலம் 300 மணி நேரம். இரண்டு வாரம்கூட இல்லை. கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது வேகத்துக்கும் கொள்ளளவுக்கும் பொருந்துகிறது. ஆயுளுக்கு நேர் எதிரானது நடக்கிறது: கூடக் கூடச் சாவு நெருங்கி வருகிறது. ஆகவே வெறுமனே பரப்பி எழுதும் முறை, அதாவது ரெய்டு 0, வேகத்தில் முதலிடம், காப்பில் கடைசி. ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போயிற்று.

சாவை ஏற்றுக்கொண்டு, பொருளை மட்டும் சாகவிடாமல் செய்யும் வழி ஒற்றை இரட்டைக் கணக்கில் இருக்கிறது. புளியங்கொட்டையை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு 'ஒற்றையா இரட்டையா' என்று பிள்ளைகள் விளையாடும் அதே கணக்குத்தான். மூன்று டிஸ்க்கில் முறையே 1, 0, 1 என்று எழுதியிருக்கிறது. மொத்தத்தில் எத்தனை ஒன்றுகள்? இரண்டு, அதாவது இரட்டை. ஆகவே நான்காவது டிஸ்க்கில் 0 என்று குறித்துவைக்கப்படுகிறது. ஒற்றையாக இருந்திருந்தால் 1 என்று குறித்திருக்கும். இப்போது நடு டிஸ்க் செத்துவிட்டது. மிஞ்சியவை 1, 1, குறிப்பு 0. இரண்டு ஒன்றுகள் ஏற்கெனவே இருக்கின்றன. கணக்கு இரட்டையாக முடிய வேண்டும். ஆகவே செத்ததில் இருந்தது 0. இதைக் கோடிக்கணக்கான முறை செய்தால் செத்த டிஸ்க் முழுதும் புது டிஸ்க்கில் எழுந்து வந்துவிடும். ரெய்டு 5 என்பது இவ்வளவுதான். குறிப்பு எழுதும் வேலை ஒரே டிஸ்க்கின் தலையில் விழாமல் நான்கும் முறை மாற்றி ஏற்றுக்கொள்ளும். 4 டெராபைட் டிஸ்க் நான்கு போட்டால் 12 டெராபைட் கைக்கு வரும். ஒரு டிஸ்க் அளவு காப்புக்குப் போகும்.

இங்கே சற்று நிற்க வேண்டும். காணாமல் போன அந்த 0, மிஞ்சிய மூன்றில் எதிலுமே இல்லை. எந்த ஒன்றைத் தனியாகப் பிரித்துப் பார்த்தாலும் அதன் நிழல்கூடத் தெரியாது. மூன்றையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் பார்த்தால் மட்டும் அது வெளிப்படுகிறது. அப்படியானால் அது இருந்தது மூன்றுக்கும் இடையிலான உறவில். இந்தியத் தத்துவத்தில் பெரும் சண்டைக்குக் காரணமான ஓரிடம் இது.

மிலிந்தன் என்று பாலி நூல் குறிக்கும் கிரேக்க அரசன் மினாந்தரிடம், ரதம் என்பது அச்சா, சக்கரமா, நுகமா என்று பௌத்தத் துறவி நாகசேனர் கேட்டார். எதுவும் இல்லை, எல்லாம் சேர்ந்த நிலைக்கு வழங்கும் பெயர் ரதம் என்பது அவர் முடிவு. நியாய, வைசேடிகர் இதை ஏற்கவில்லை. உறுப்புகளுக்கு மேலே முழுமை என்று ஒன்று மெய்யாகவே உண்டு, நூல்களில் துணி உறைவதுபோல் அது உறுப்புகளில் உறைகிறது என்றார்கள். அந்த முழுமை ஒவ்வோர் உறுப்பிலும் முழுதாக உறைகிறதா, கொஞ்சம் கொஞ்சமாகவா என்று பௌத்தர் மடக்கினர். வைசேடிகரின் நேர்மை வியக்கத்தக்கது. துணியிலிருந்து ஒரு நூலை உருவினால் பழைய துணி அழிந்தது, இப்போது இருப்பது வேறொரு துணி என்று ஒப்புக்கொள்ளவும் அவர்கள் தயங்கவில்லை. சேரர் தலைநகரான வஞ்சியில் மணிமேகலை சமயக் கணக்கர்களிடம் கேட்டதும் இவ்வகை வாதங்களைத்தான்.

லினக்ஸ் இந்தச் சண்டையில் நாகசேனர் பக்கம் சாய்கிறது. அடுக்கைக் கட்டும் எம்டிஆட்மின் என்ற நிரல், அடுக்கு பிறக்கும்போதே அதற்கு ஓர் அடையாள எண்ணைச் சூட்டி ஒவ்வொரு டிஸ்க்கிலும் பொறித்துவிடும். புது டிஸ்க் வந்து சேர்ந்தால் அதன்மேலும் அதே எண்ணைப் பொறிக்கும். நான்கும் மாறிவிட்டாலும் எண் மாறாததால், லினக்ஸைப் பொறுத்தவரை அது அதே அடுக்குத்தான். கூடவே நிகழ்வுக் கணக்கு என்று ஒன்றும் இருக்கிறது. அடுக்கில் நடப்பதைக் குறிக்க அந்த எண் ஏறிக்கொண்டே போகும். நடுவில் கழன்றுபோன டிஸ்க் திரும்பி வந்தால், அதன் கணக்கு பிந்தியிருப்பதைப் பார்த்து அடுக்கு அதை அப்படியே ஏற்காது. விடுபட்டதை எல்லாம் எழுதிக்கொண்ட பிறகுதான் உள்ளே சேர்க்கும். ஆகவே பெயர் மட்டும் போதாது. தொடர்ந்து உடன் இருந்ததும் வேண்டும். நாகசேனரின் ரத உவமைக்கு மேல் ஒரு படி இது. பெயரோடு விடாத தொடர்ச்சியும் சேர்ந்தால்தான் 'அதுவே' என்று சொல்ல முடிகிறது.

வேகத்தைப் பற்றிய பேச்சைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கிறது. தேடும் இடம் ஹெட்டுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். சிதறிய சிறு கோப்புகளைப் படிப்பதில் வரும் தாமதத்தின் ஒரு பகுதி அங்கேயே போகிறது. ஹெட் நகரும் நேரம் இன்னொரு பகுதி. பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது ஒரு டிஸ்க் விநாடிக்கு 150 முதல் 200 மெகாபைட் தரும்; நான்கு சேர்ந்தால் அதன் மடங்கு. ஆனால் வீட்டில் பரவலாக உள்ள ஜிகாபிட் நெட்வொர்க் விநாடிக்குச் சுமார் 110 மெகாபைட்டுக்கு மேல் கடத்தாது. ஒற்றை டிஸ்க்கே அந்தக் குழாயை நிரப்பிவிடும். குழாயை மாற்றாமல் டிஸ்க்கை மட்டும் கூட்டுவது வீண். இன்னொன்று, ரெய்டு 5இல் ஒரு சிறு மாற்றத்தை எழுத நான்கு வேலைகள் நடக்க வேண்டும்: பழையதைப் படி, பழைய குறிப்பைப் படி, புதியதை எழுது, புதிய குறிப்பை எழுது. எழுதும் வேகமே முக்கியம் என்றால் இரட்டை இரட்டையாக நகல் வைத்துப் பரப்பும் ரெய்டு 10 மேல். 16 டெராபைட்டில் 8 மட்டுமே மிஞ்சும். நிரலுக்குச் செலவே இல்லை. அதற்குக் காரணமான கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்தியக் கிளையை 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து தொடங்கிவைத்தது இதே திருவனந்தபுரத்தில்தான்.

இனி கோயில். அனந்தபுரத்துப் பெருமாளான பத்மநாபரை நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் பாடியிருக்கிறார். இன்று அதே பாசுரங்களைச் சொல்லிக்கொண்டு ஒருவர் ஒற்றைக்கல் மண்டபத்தில் ஏறி நின்றால், அவர் காணும் திருமேனி ஆழ்வார் காலத்தது இல்லை. 1686இல் கோயிலில் பெருந்தீ. நெடுங்காலம் கழித்து, மார்த்தாண்ட வர்மா ஆட்சிக்கு வந்தபின் 1730களில் மூலவர் புதிதாக உருவானார். நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வந்த 12,008 சாளக்கிராமங்கள் உள்ளே வைக்கப்பட்டன. மேலே கடுசர்க்கரை யோகம் என்ற, பிசினும் மூலிகையும் மண்ணும் சுண்ணமும் சேர்ந்த பூச்சு. பதினெட்டு அடி நீளக் கிடந்த கோலம். நீர் பட்டால் பூச்சு கரையும் என்பதால் மூலவருக்கு நீராட்டு கிடையாது; அபிஷேகம் வேறு திருமேனிக்கு. உடல் புதிது, பொருள் புதிது. ஆனாலும் வேறு பெருமாள் வந்துவிட்டார் என்று எவரும் சொல்லவில்லை.

அப்படிச் சொல்லாமல் இருக்கச் சமயம் ஒரு வழி வைத்திருக்கிறது. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் எடுப்பார்கள். மூலவரின் சான்னித்தியத்தைக் கும்ப நீரில் ஏற்று, சிறு இடத்தில் தற்காலிக மேனியில் நிறுத்தி, அங்கே அன்றாடப் பூசையைத் தொடர்வார்கள். வேலை முடிந்ததும் மறுபடி கும்பத்தில் ஏற்றி மூலவரிடம் சேர்ப்பார்கள். ஒரு வேளைகூடப் பூசை நின்றுவிடக் கூடாது என்பதில்தான் முழுக் கவனமும் இருக்கிறது. கல் மாறலாம், மரம் மாறலாம். வழிபாட்டின் தொடர்ச்சி அறுந்தால்தான் தோஷம். டிஸ்க் அடுக்கும் இதையே செய்கிறது. ஒன்று செத்த நொடியில் மிஞ்சிய மூன்றும் கணக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கும். படம் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வேகக் குறைவு மட்டும் தெரியலாம். புது டிஸ்க் வந்து 4 டெராபைட்டும் நிரம்பச் சுமார் ஏழரை மணி நேரம் ஆகும். அதுவரை பாலாலயக் காலம்.

ஒப்புமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும், அறும் இடம் முக்கியமானது. பத்மநாபரை மூன்று வாயில்கள் வழியாகத்தான் சேவிக்க முடியும். முதல் வாயிலில் திருமுகமும் சிவலிங்கத்தின்மேல் நீண்ட கையும். நடுவில் உந்தித் தாமரையும் பிரமனும். மூன்றாவதில் திருவடிகள். எந்த வாயிலிலும் முழுதும் தெரியாது. மூன்றையும் மனத்தில் சேர்ப்பவருக்கே கிடந்த கோலம் கிடைக்கிறது. இதுவரை அடுக்கின் கதைபோலவே இருக்கிறது. ஆனால் உள்ளே உள்ள சாளக்கிராமம் ஒவ்வொன்றும் பிரதிஷ்டை வேண்டாமலே தன்னளவில் முழுத் திருமால் என்பது வைணவ நம்பிக்கை. 12,008இல் ஒன்றை எடுத்தாலும் முழுமையில் பன்னீராயிரத்தில் ஒரு பங்கு குறைந்தது என்று கணக்குப் போட முடியாது. டிஸ்க்கில் இருப்பது துண்டு. சாளக்கிராமத்தில் இருப்பது முழுமை. தகவல் பகுபடும், பகுபட்டால் குறையும். தெய்வம் பகுபடாது என்பதே சமயத்தின் அடிப்படை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, கோயிலும் ஒரு சேமிப்பகம்தான் என்று பேசுவது மேலோட்டமானது.

பொருந்தும் இடம் நூலும் ஓதலும். வேதம் யாராலும் இயற்றப்படாதது, என்றும் உள்ளது, வாய் ஒலி அதை வெளிப்படுத்துகிறது, உண்டாக்குவதில்லை என்பது மீமாம்சகர் கொள்கை. அந்த என்றுமுள்ளதைக் காப்பாற்ற மனித வாய்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஜடை என்ற முறையில் இரண்டு சொற்களை முன்னும் பின்னும் முன்னுமாகப் பின்னி ஓதுவார்கள்: ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று, மீண்டும் ஒன்று இரண்டு. பொருளுக்கு இதில் எந்தப் பயனும் இல்லை. ஒரு சொல் நழுவினாலோ மாறினாலோ பின்னல் உடனே காட்டிக்கொடுக்கும். அது ஒன்றே பயன். நம்பூதிரிகளின் ஓத்து மரபில் ஜடையும் ரதம் என்ற இன்னொரு முறையும் இன்றும் உண்டு. கடவல்லூர் அன்னியோன்யம் என்ற ஓதல் போட்டியில் அவற்றை வைத்துத்தான் ஒருவரை ஒருவர் சோதிப்பார்கள். பத்மநாபசுவாமி கோயிலில் ஆறாண்டுக்கு ஒருமுறை நடக்கும் முறைஜபம் 56 நாள். ஏழு நாள் ஒரு முறை, அப்படி எட்டு முறை. பல ஊர்களிலிருந்து வந்த வைதிகர்கள் ஒன்றாக அமர்ந்து ஓதி முடிக்க, லட்சதீபத்தோடு நிறைவுறும். பக்தி நோக்கில் அது வழிபாடு. காப்பு நோக்கில், வெவ்வேறு ஊர்களில் தனித்தனியாக இருந்த நினைவுகள் ஓரிடத்தில் கூடித் தம்மைச் சரிபார்த்துக்கொள்வதும் அதுவே. எம்டிஆட்மினில் மாதத்துக்கு ஒருமுறை ஓடவிடும் சோதனைக்கு இதைவிட நல்ல உவமை கிடைக்காது. டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் படித்து, ஒற்றை இரட்டைக் கணக்கு இன்னும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வேலை அது.

நினைவைக் காக்கச் சோறும் வேண்டும். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் கோயிலோடு ஒரு கல்விச் சாலை அமைத்து, காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கில் 95 மாணவர் தங்கிப் படிக்க வழிசெய்தான். அந்தச் செய்தி செப்பேட்டில் இருக்கிறது. ஹுசூர் அலுவலகச் செப்பேடு என்று அதற்குப் பெயர். காப்பு மலிவாக வருவதில்லை என்று ஒரு மன்னனுக்கு அன்றே தெரிந்திருந்தது.

தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும் நூலுக்குத் தமிழில் திருவாய்மொழி ஒப்பற்ற சான்று. அது அந்தாதி. ஒரு பாசுரத்தின் முடிவு அடுத்ததன் தொடக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பத்துப் பாசுரம் முடிந்ததும் வரும் பலன் சொல்லும் பாசுரத்தில், இது ஆயிரத்தில் ஒரு பத்து என்ற கணக்கு இருக்கும். வைணவ மரபின்படி, பிரபந்தம் வழக்கொழிந்த காலத்தில் நாதமுனிகள் குடந்தைப் பெருமாளைப் பாடும் பதினொரு பாசுரம் கேட்டார். அதில் ஆயிரம் என்று வந்ததால்தான் மீதி எங்கே என்று கேட்க முடிந்தது. தேடிக்கொண்டு ஆழ்வார்திருநகரி போனார், நாலாயிரமும் பெற்றார். தொலைந்தது எவ்வளவு என்று மிஞ்சியதே சொல்லியது. சன் நிறுவனத்தில் உருவான இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை இதே இலக்கணத்தில் நிற்கிறது. ஒவ்வொரு துண்டின் சரிபார்ப்பு எண்ணும் அந்தத் துண்டோடு இருக்காது; அதைச் சுட்டும் மேல்துண்டில் இருக்கும். கீழே ஓர் எழுத்துப் பிறழ்ந்தாலும் மேலே உள்ளது ஒத்துப்போகாது.

சாதாரண ரெய்டு 5க்கு இந்த அறிவு கிடையாது. நான்கில் ஒரு டிஸ்க் சாகாமல், பிழையாக மட்டும் திருப்பிச் சொன்னால், கணக்கு இடிக்கிறது என்று அதற்குத் தெரியும். பொய் சொன்னது யார் என்று தெரியாது. அறிவின் உண்மை அறிவுக்குள்ளேயே விளங்கும் என்று மீமாம்சகரும், வெளியிலிருந்து வேறொரு சான்று வந்தால்தான் விளங்கும் என்று நியாயவாதிகளும் நடத்திய வாதம் இங்கே உயிரோடு நிற்கிறது. டிஸ்க் சொன்னதை நம்பு, பொய்யென்று தெரிந்தால் பார்க்கலாம் என்பது ரெய்டு 5. நம்பாதே, மேலிருந்து சாட்சி கேள் என்பது இசட்எஃப்எஸ். தத்துவத்தில் இரு பக்கமும் வலுவுண்டு. டிஸ்க் விஷயத்தில் நியாயவாதிகள் சொல்வதே சரி. வீட்டு உபயோக டிஸ்க்குகள் பலவற்றுக்கு, 12.5 டெராபைட் படித்தால் ஒருமுறை படிக்க முடியாத இடம் வரலாம் என்பதே தயாரிப்பாளர் தரும் எல்லை. நடைமுறையில் டிஸ்க்குகள் பெரும்பாலும் இதைவிட நன்றாக உழைக்கின்றன. இருந்தும் ஒன்றை மாற்றும்போது மற்ற மூன்றிலும் 12 டெராபைட் படிக்க வேண்டியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. பெரிய டிஸ்க் போடுபவர், இரண்டு செத்தாலும் தாங்கும் ரெய்டு 6க்குப் போவது இதனால்தான்.

எதைக் காப்பது என்ற கேள்விக்கு அடுக்கிடம் பதிலே இல்லை. தவறுதலாக அழித்த கோப்பை அது அழிந்ததாகவே நான்கு டிஸ்க்கிலும் விசுவாசமாகக் காக்கும். நல்லதையும் கெட்டதையும் ஒரே சிரத்தையோடு சுமக்கும். ஆகவே அடுக்கு இருப்பதால் தனி நகல் வேண்டாம் என்று நினைப்பது பெரும் தவறு. திருவனந்தபுரத்தில் துலாவர்ஷத்து மாலைகளில் இடி மின்னல் இறங்கும்போது இது வீட்டு வாசலுக்கே வந்துவிடும். புதியதை எழுதி முடித்துக் குறிப்பை எழுதுமுன் மின்சாரம் போனால் இரண்டும் ஒவ்வாமல் நிற்கும்; நல்ல யுபிஎஸ் அதற்கு மருந்து. மின்னல் கம்பி வழியே வந்தால் நான்கு டிஸ்க்கும் ஒன்றாகப் போகும். அதற்கு மருந்து வேறொரு வீட்டில் இருக்கும் நகல். 1686இன் தீ கட்டடத்தை எரித்தது. ஆழ்வாரின் பாசுரங்கள் எரியாமல் இருந்ததற்குக் காரணம், அவை அந்தக் கட்டடத்தில் மட்டும் இருக்கவில்லை என்பதுதான்.

காப்பது போதுமா, யாரேனும் அறிய வேண்டுமா? 1909இல் பத்மநாபபுரத்துக்கு அருகே மணலிக்கரை மடத்தில் 105 ஏடுகள் கொண்ட ஒரு சுவடி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் பணியாற்றிய கணபதி சாஸ்திரியின் கைக்கு வந்தது. பத்து சம்ஸ்கிருத நாடகங்கள், பதினொன்றாவதன் ஒரு பகுதி, மலையாள எழுத்தில். பின்னர் கிடைத்தவையும் சேர்ந்து பதின்மூன்று. அவை பாசனுடையவை என்று சாஸ்திரி முடிவு செய்து, 1912 முதல் திருவனந்தபுரம் சம்ஸ்கிருத வரிசையில் வெளியிட்டார். காளிதாசனே பெயர் சொல்லிப் போற்றிய ஆசிரியர். நூல்கள் தொலைந்துவிட்டன என்று உலகம் நினைத்திருந்தது. ஆனால் அந்த நாடகங்களில் சிலவற்றின் அங்கங்களைக் கூத்து மரபினரான சாக்கியார்கள் கூத்தம்பலங்களில் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஏடு மடத்தில் இருந்தது, ஆட்டம் மேடையில் இருந்தது, ஆசிரியர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. சுவடிகளின் முன்னுரைக் காட்சியில் கவியின் பெயர் குறிக்கப்படாததால், பதின்மூன்றும் பாசனுடையவைதானா என்ற வழக்கு அறிஞரிடையே இன்னும் தீரவில்லை. நூல் முழுதும் பிழைத்தும், ஒரு சொல் எழுதப்படாததால் நூறாண்டு வழக்கு. அடுக்கில் 'புதிய ஃபோல்டர் 3' என்ற பெயரோடு கிடக்கும் குரல்பதிவு, யார் குரல் என்று சொல்ல ஆளில்லாத நாளில் அதே நிலைக்கு வரும். காப்பு என்பது பெயரிடுவதையும் உள்ளடக்கியது என்பதில் ஐயமே வேண்டாம்.

கோட்டைப் பகுதியில் மத்திய ஆவணக் காப்பகத்தில் 2022 டிசம்பரில் திறந்த ஓலைச்சுவடி அருங்காட்சியகம் போய்ப் பார்க்க வேண்டிய இடம். எட்டுக் கூடங்களில் ஒன்று மதிலகம் ஆவணங்களுக்கு, அதாவது பத்மநாபசுவாமி கோயிலின் கணக்கோலைகளுக்கு. ஓலைகளைச் சக்கரம்போல் இறுகச் சுருட்டிக் கட்டிய சுருணைகளை அங்கே அருகில் நின்று பார்க்கலாம். விளிம்பிலிருந்து பார்த்தால் கோடு கோடாக ஓலை நுனிகள் மட்டும் தெரியும். எழுத்து ஒன்றும் தெரியாது. ஒரு சுருணையில் ஆயிரம் ஓலை வரை இருக்கும். காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகத்தில் இருக்கும் நூல்கள் 65 ஆயிரத்துக்கு மேல். ஈரக் காற்றும் பூச்சியும் உள்ள நாட்டில் ஓலைக்கு நல்ல பராமரிப்பில் முந்நூறு நானூறு ஆண்டு ஆயுள். டிஸ்க்குக்கு ஐந்தாறு ஆண்டே என்று எண்ணிக்கொள்வது நல்லது. ஊடகம் புதிதாகப் புதிதாகப் படியெடுக்கும் இடைவெளி குறுகிக்கொண்டே வந்திருக்கிறது. பாட்டன் படியெடுத்ததைப் பேரன் மறுபடி படியெடுத்தால் போதும் என்றிருந்த காலம் போய், ஒரே ஆள் தன் வாழ்நாளில் பத்து முறை கைமாற்ற வேண்டியிருக்கிறது.

படியெடுத்த பின் பழைய உடலை என்ன செய்வது என்பது கடைசிக் கேள்வி. ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டதையும் உ.வே.சாமிநாதையர் வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார். படியெடுத்தபின் விட்டால் அது உடலுக்குச் செய்யும் மரியாதை; படியெடுக்காமல் விட்டதுதான் பேரிழப்பு. பூரியில் ஜகந்நாதரின் பழைய மேனி நவகளேபரத்தின்போது, கடைசியாக 2015இல், கோயில் வளாகத்திலேயே புதைக்கப்பட்டது. காஞ்சியில் பழைய மேனியாகக் கருதப்படும் அத்திவரதர் குளத்தடியில் பள்ளிகொண்டு நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வருகிறார்; கடைசியாக 2019இல் 48 நாள் வந்தார்.

டிஸ்க்குக்கு மரியாதையோடு எச்சரிக்கையும் வேண்டும். எந்த டிஸ்க்கிலும் முழுதாக எதுவும் இல்லை என்று இதுவரை சொன்னதில் ஒரு விலக்கு இருக்கிறது. எம்டிஆட்மின் நறுக்கும் துண்டின் வழக்கமான அளவு 512 கிலோபைட். நீண்ட குரல்பதிவும் திருமண வீடியோவும் அதைவிடப் பன்மடங்கு பெரியவை, ஆகவே சிதறிக் கிடக்கும். ஆனால் இரண்டு பக்கக் கடிதமோ கடவுச்சொல் பட்டியலோ அதைவிடச் சிறியது. ஒரே துண்டுக்குள், ஒரே டிஸ்க்கில் முழுதாக இருந்துவிடலாம். அடுக்கிலிருந்து கழற்றிய டிஸ்க் இன்னும் சுழல்கிறது என்றால், அதன்மேல் முழுதும் பூச்சியம் எழுதிவிட வேண்டும். சுழலாது என்றால் தட்டுகளில் துளையிட வேண்டும். அதற்குப் பிறகு அதை மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுக்கலாம். கேரளத்தில் அரசின் கிளீன் கேரளா கம்பெனி அந்தக் கழிவைப் பெற்றுக்கொள்கிறது.